கந்தவேல் வீட்டு உபசாரம்

மார்ச் 5, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இரண்டு மாதமாக அரிசி டின் மேல் கிடந்தது. பால் கணக்கு எழுதலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். கூட வேலை பார்க்கிற ஹபீபா பார்த்துவிட்டு, "உங்க வாய்க்கு நான் ஒருத்தி பத்தல கலாக்கா. மிச்சத்த இதுல எழுதுங்க" என்றாள். அவளுக்குக் கொழுப்பு. ஆனாலும் எழுதித்தான் பார்ப்போமே.

நான் கலாமணி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றுகிற நர்ஸ். ஆஸ்பத்திரியில் என்னைப் போல நான்கு பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு ஸ்கூட்டர். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், இப்போது நாக்பூர் பக்கம். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல்.

இன்று சூப்பர்வைசர் நடராஜன் புதிதாக ஒரு வீடு கொடுத்தார். காங்கேயம் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு தோட்டம். ராமாத்தாள் என்று ஒரு அம்மா. இடுப்பெலும்பு முறிந்து படுத்ததில் முதுகடியில் புண். இதுவரை வினோதினி போய்க்கொண்டிருந்தாள். இனிமேல் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு "தூரங்க்கா" என்றாள். அவள் வீட்டிலிருந்து அந்தத் தோட்டம் கூப்பிடு தூரம். நான்தான் ஊரின் அந்தக் கோடியிலிருந்து போக வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வெயில் பட்டால் போதும், கருத்துவிடுவோம் என்று பயம்.

மார்ச் 7, வியாழன்

போய்ப் பார்த்தேன். மண் தடத்தில் திரும்பினால் சோளக்காடு, அப்புறம் தென்னந்தோப்பு, அதற்கும் உள்ளே கம்பிவேலி போட்ட வீடு. பக்கத்தில் வேறு வீடு கிடையாது. எங்கள் பக்கம் தோட்டத்து வீடு என்றாலே அப்படித்தான்.

ராமாத்தாளுக்குப் பேச்சு குழறுகிறது. கண் மட்டும் தெளிவு. புண் என் உள்ளங்கை அளவு இருக்கிறது, ஆழமும் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் துடைக்க வேண்டும். விட்டால் மல்லாந்துவிடுவார், உயிர் போகிற மாதிரி கத்துவார்.

மகன் கந்தவேல். ஐம்பது தாண்டியிருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பெண்டாட்டி எந்தக் காலத்திலோ பிரிந்து போய்விட்டாளாம். நிமிர்ந்துகூடப் பேசவில்லை. கிளம்பும்போது இளநீர் வெட்டிக் கொடுத்து, "வெயில்ல வந்துருக்கறீங் சிஸ்டரு, குடிச்சுப்போட்டுத்தான் போவோணும்" என்று அப்படி ஒரு உபசாரம். எத்தனையோ வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு நான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். இந்த வீட்டை வேண்டாம் என்றவளை என்ன சொல்வது.

உள்ளே நுழையும்போது ஹபீபாவுக்கு ஒரு ரிங், வெளியே வந்ததும் இரண்டு ரிங் விட்டேன். இது எங்கள் நால்வரின் வழக்கம். எடுத்துப் பேசுவதில்லை. ஒரு ரிங் வந்து, நெடுநேரமாகியும் இரண்டு ரிங் வரவில்லை என்றால் மற்றவள் விசாரிக்க வேண்டும். ஆஸ்பத்திரி சொல்லிக்கொடுத்ததல்ல, நாங்களாக வைத்துக்கொண்டது.

மார்ச் 9, சனி

கந்தவேல் இன்று கொஞ்சம் பேசினார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார். நான்தான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேனே, எல்லாம் சொன்னேன். லாரியில் போனால் மாதத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் தங்குவார் என்பது வரைக்கும் சொன்னேன். "அப்ப ஊட்ல தனியாத்தான் இருப்பீங்களா" என்றார். பாவம், தானும் தனி ஆள் என்பதால் கேட்கிறார் போல.

சாயங்காலம் தோசைக்கு ஊறப்போட்டேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று இன்னமும் கை பழகவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

வண்டி வெயிலில் நின்றால் டயர் போய்விடும் என்று கந்தவேல் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கிளம்பும்போது அவரே எடுத்து வந்து கொடுத்தார், சீட்டை ஈரத்துணியால் துடைத்து. என் வீட்டுக்காரர்கூட இதுவரை என் வண்டியைத் துடைத்ததில்லை.

புண்ணின் ஓரம் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. நல்ல சதை வருகிறது. இன்னும் ஒரு மாதம் விடாமல் பார்த்தால் மூடிவிடும்.

மார்ச் 14, வியாழன்

கதவைச் சாத்திக்கொண்டுதான் கட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. நாய் உள்ளே வந்துவிடுமாம். அந்த நாயை நான் இதுவரை பார்த்ததில்லை.

மார்ச் 16, சனி

போனில் சார்ஜ் இல்லை. கந்தவேல் வாங்கி முன்னறையில் போட்டார். நான் கிளவுஸ் மாட்டிக்கொண்டு புண்ணைத் திறந்த பிறகுதான் ஹபீபாவுக்கு ரிங் விடவில்லை என்பது நினைவு வந்தது. கழற்றினால் மறுபடி கை கழுவி, புது கிளவுஸ் மாட்ட வேண்டும். "ஏனுங்க, அதுல ஹபீபான்னு இருக்கும், ஒரே ஒரு ரிங் விட்டுட்டு வெச்சிருங்க" என்றேன். விட்டார். "எதுக்குங் ஒரே ரிங்கு?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு ரிங் வந்துவிட்டேன், இரண்டு ரிங் கிளம்பிவிட்டேன் என்று. "நல்ல ஏற்பாடுங்" என்றார். கிளம்பும்போது இரண்டு ரிங்கையும் அவரே விட்டார்.

நான்கு பேரில் நான்தான் சீனியர். கையில் கிளவுஸ் இருக்கும்போது போனைத் தொடக் கூடாது என்று மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

மார்ச் 19, செவ்வாய்

இன்று வேலை முடிந்த பிறகும் கிளம்ப முடியவில்லை. வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று கந்தவேல் தேடினார். தேடிக்கொண்டே அவர் கல்யாணக் கதை, கோர்ட் கதை எல்லாம் சொன்னார். நடுவில் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சாப்பிட்டால்தான் சாவி கிடைக்கும் போலிருந்தது. சாப்பிட்டேன். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. "அட, இங்கயே வெச்சுட்டுத் தேடறன் பாருங்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹபீபா போன் செய்தாள். "எங்கக்கா போனீங்க? வெளிய வந்து எவ்வளவு நேரமாச்சு, போன் எடுக்கவே மாட்டேங்கறீங்க?"

"இப்பத்தானடி வர்றேன்."

"ரெண்டு ரிங் அப்பவே வந்துருச்சேக்கா. நீங்க உள்ள போன கொஞ்ச நேரத்துலயே வந்துருச்சு."

நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் அது. போன் முன்னறையில் சார்ஜில் இருந்தது.

மார்ச் 20, புதன்

சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துக் கந்தவேல் இரண்டு ரிங்கை முன்கூட்டியே விட்டிருப்பார். உதவி செய்கிற மனிதர்தானே, ஒரு ஆர்வம். கேஸ் சிலிண்டர் வந்தது. துணி துவைத்தேன். மிளகாய் காயப்போட்டேன். வேறொன்றும் இல்லை.

ஹபீபா அப்படி நினைக்கவில்லை. வாயில் வந்ததெல்லாம் திட்டினாள். இனிமேல் ரிங் வேண்டாமாம், குரல் கேட்க வேண்டுமாம். "உங்க வாயால 'வந்துட்டேன் ஹபீபா'ன்னு சொல்லோணும். இல்லாட்டி நான் நம்ப மாட்டேன்" என்றாள். சின்னப் பெண், என்னை மிரட்டுகிறாள்.

மார்ச் 21, வியாழன்

கந்தவேலிடம் போனைக் கொடுக்கவில்லை. கொஞ்சம் முகம் வாடினார். மோட்டார் போடக் கிணற்றுப் பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்து ராமாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாய் குழறுகிறது, ஆனாலும் புரிந்தது. "கண்ணு, நீ வராத. முன்ன வந்த புள்ளையையும் கதவச் சாத்தி உக்கார வெச்சுட்டான். அழுதுச்சு அந்தப் புள்ள. நான் என்ன பண்ணுவேன், எந்திரிக்க முடியாதவ."

"நான் வரலீன்னா உங்க புண்ணு என்னாவறது?" என்று கேட்டேன்.

"அழுகட்டும் போ" என்றார்.

மோட்டார் சத்தம் வந்தது. கையை விட்டுவிட்டார். கந்தவேல் வந்து, அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டார். வலிக்குதாம் என்றேன்.

மார்ச் 22, வெள்ளி

வினோதினி வீட்டுக்குப் போனேன். பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். கந்தவேல் என்ற பெயரைச் சொன்னதும் மிக்சியை நிறுத்தினாள்.

ஒரு நாள் கதவைத் தாழ்போட்டுவிட்டு, கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். தொடவில்லை. திட்டவில்லை. பேசிக்கொண்டே இருந்தாராம். பொழுது சாயும்வரை. இங்கேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள், உனக்கு என்ன குறை வைத்தேன் என்று. அப்புறம் அவராகவே எழுந்து கதவைத் திறந்து, இளநீர் வெட்டிக் கொடுத்தாராம்.

"குடிச்சேன் கலாக்கா. குடிக்கலீன்னா விடமாட்டாருன்னு குடிச்சேன். இப்பவும் எளநியப் பாத்தா வாந்தி வருது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடி!"

"நடராஜன் சார்கிட்டச் சொன்னேனே. தொட்டாரான்னு கேட்டாரு. இல்லீன்னேன். அப்ப என்னத்தம்மா புகார் எழுதறது, ஆஸ்பத்திரிக்கு வேண்டப்பட்ட குடும்பம், யாராச்சும் கேட்டா தூரம்னு சொல்லிக்கன்னாரு."

வெயில் ஆகாது என்று இவளை நான் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும். படிக்கும்போதெல்லாம் எனக்கு உறைக்கட்டும்.

அங்கிருந்து நேராக நடராஜனிடம் போனேன். இரண்டு பேராக அனுப்புங்கள் என்றேன். ஆள் இல்லையாம். "நீங்க வயசுல பெரியவங்க, சாமர்த்தியசாலி. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கும் முடியாதுன்னா சொல்லிருங்க, போன வாரம் சேந்த புதுப் பொண்ண அனுப்பறேன்" என்றார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் நரம்பு பிடிக்கவே கை நடுங்குகிறது.

நானே போகிறேன் என்றேன். பயந்துகொண்டு இல்லை. பத்து நிமிஷத்தில் கட்டை மாற்றிவிட்டு, அந்த மனிதரின் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரப்போகிறேன். சாவியும் தர மாட்டேன், போனும் தர மாட்டேன். என்ன செய்துவிடுவார், பார்க்கிறேன்.

மார்ச் 23, சனி

இன்று எழுத முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஹபீபா இரவு இங்கேயே தங்கினாள். ரசம் வைத்துக் கொடுத்தாள். இப்போது சாப்பாடு உள்ளே போகிறது, பேனாவும் கையில் நிற்கிறது.

நேற்று வண்டியைக் கேட்டுக்கு உள்ளேயே, கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்தினேன். சாவியையும் போனையும் பைக்குள் போட்டேன். பையைத் தோளிலிருந்து கழற்றிக் கட்டில் காலடியில் வைத்தேன். ஹபீபாவிடம் "வந்துட்டேன்" என்று வாயால் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

கிளவுஸ் மாட்டினேன். ராமாத்தாளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பழைய கட்டைப் பிரித்தேன். அந்த நேரத்தில் கந்தவேல் உள்ளே வந்தார். "பை கீழ கெடக்குதுங், எறும்பு ஏறிக்கும்" என்று குனிந்து பையை எடுத்தார்.

"வெச்சுருங்க, அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"இருக்கட்டுமுங், மேல வெச்சர்றேன்."

எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். நான் என்ன செய்வேன்? கையை எடுத்தால் அந்த அம்மா திறந்த புண்ணோடு மல்லாந்து விழுவார். எடுக்கவில்லை. எந்த நர்ஸும் எடுக்க மாட்டாள். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்!

திரும்பி வந்தார். கதவைச் சாத்தித் தாழ்போட்டார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவில் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க சிநேகிதிக்கு ரெண்டு ரிங்கு உட்டுட்டனுங். இனி ஒண்ணும் அவசரமில்லீங்" என்றார்.

நாலு வார்த்தை கேட்கப் போனவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பயந்துவிட்டேன். இதை எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, நன்றாகப் பயந்துவிட்டேன்.

அவர் அதே மரியாதையோடு பேசினார். "உங்கூட்டுக்காரரு வர்றதே மாசத்துல ரெண்டு நாளுங். புள்ள ஆஸ்டல்ல. ஆருக்குங் நீங்க அங்க பொங்கி வெக்கறீங்? இங்க இருந்துக்கங். அம்மாளுக்கும் நல்லாருக்கும். முன்ன வந்த புள்ள சின்னப் புள்ளைங், அதுக்குப் புரியல. உங்களுக்குப் புரியும்." எல்லாம் நானே வாயால் கொட்டிய விவரங்கள். ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை.

ராமாத்தாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு கந்தவேலிடம், என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்தது, சொன்னேன்: "சரி, பேசிக்கலாம். முதல்ல அம்மாளப் புடிங்க. அடித்துணி நனைஞ்சிருச்சு, மாத்தோணும். எனக்கு ஒத்தக் கையில முடியல."

தாய் மேல் பாசம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். உடனே எழுந்து வந்தார். "இங்க கை குடுங்க. தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. விட்றாதீங்க, விட்டா அடிபட்ட எலும்பு மேலயே விழுவாங்க" என்றேன். பிடித்தார். நான் என் கையை எடுத்தேன்.

ராமாத்தாள் இரண்டு கையாலும் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கொத்தாக. "போ அம்மிணி" என்றார். குழறவே இல்லை.

நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். முன்னறையில் பையைத் தேட நிற்கவில்லை. வண்டிக்குச் சாவி இல்லை. கேட்டைத் தாண்டித் தென்னந்தோப்பில் ஓடினேன். பின்னால் அவர் கத்தவில்லை. "சிஸ்டரு, கட்டுப் போடாமப் போறீங்" என்று சாதாரணமாகக் கூப்பிட்டார். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

சோளக்காட்டு முனையில் ஹபீபா வண்டியில் எதிரே வந்தாள். குரல் வராமல் ரிங் மட்டும் வந்ததும் கிளம்பியிருக்கிறாள். நான் கிளவுஸைக்கூடக் கழற்றாமல் அவள் மேல் விழுந்து அழுதேன்.

அந்த அம்மாவின் புண் திறந்தபடி கிடக்கிறது. என்னை அனுப்பிவிட்டு அவர் அங்கேயே இருக்கிறார்.

மார்ச் 25, திங்கள்

காலையில் ஹபீபாவும் வினோதினியும் கூட வர, மகளிர் போலீஸில் புகார் கொடுத்தோம். வினோதினி தன் பங்கையும் தானே சொன்னாள். முதலில் ராமாத்தாளைப் பாருங்கள், அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றேன். மத்தியானத்துக்குள் தோட்டத்துக்கு ஆள் போகிறது என்றார்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. நடராஜன் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து என் பையை எடுத்து வைத்தார்.

"என்ன சிஸ்டர், கட்டுக்கூடப் போடாம ஓடிட்டீங்களாம்? கந்தவேல் காலையிலயே வந்து குடுத்துட்டுப் போறாரு. மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எவ்வளவு மரியாதையாச் சொல்றாரு. ஒரு குலை எளநி வேற."

பையைத் திறந்தேன். உள்ளே எல்லாம் மடித்து அடுக்கி வைத்திருந்தது. போனில் முழுச் சார்ஜ். வண்டிச் சாவி மட்டும் இல்லை.

"என் வண்டி?"

"அத உங்க ஊட்டுலயே கொண்டாந்து விட்டர்றேன்னாரு. அட்ரஸ் கேட்டாரு, குடுத்துருக்கறேன்."

ஹபீபா அவரை என்ன கேட்டாள் என்பதை எழுத முடியாது. அவ்வளவும் நியாயமான வார்த்தைகள். அந்தத் தோட்டத்துக்கு இனி எந்தப் பெண்ணையாவது அனுப்பினால் அவர் பெயரும் புகாரில் ஏறும் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது.

இப்போது மூன்று பேரும் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். வண்டி வீட்டுக்கு வருகிறது என்று போலீஸுக்கும் சொல்லியாகிவிட்டது. தோட்டத்துக்குப் போனவர்கள் இந்தப் பக்கம் திரும்புகிறார்களாம். வீட்டுக்காரர் ஹைதராபாத் தாண்டிவிட்டார், நிற்காமல் வருகிறேன் என்கிறார். ஹபீபா தேநீர் போட்டாள், யாரும் குடிக்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிறது. என் வண்டிதான், அதன் இருமல் எனக்குத் தெரியாதா. ஹபீபா போனைக் காதில் வைத்துக்கொண்டு "வந்துட்டாருங்க, வந்துட்டாரு" என்கிறாள்.

கேட் திறக்கிறது. "சிஸ்டரு இருக்கறாங்களா?" அதே மரியாதைக் குரல்.

நான் எழுவதற்குள் வினோதினி எழுந்துவிட்டாள். முகம் வெளிறிக் கிடக்கிறது, ஆனாலும் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டுகிறாள். "இருங்கக்கா. அந்தாள்கிட்ட நான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போகிறாள்.

அவளைத் தனியாக விட முடியாது. பேனாவை வைக்கிறேன்.